டர்பனில் கேமரா ரிப்பேர்: "போர்டு போய்விட்டது" என்று சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்

டர்பன் நகர மையத்தில் உள்ள ஒரு சின்ன ரிப்பேர் கடைக்கு 5,050 ராண்ட் கொடுத்தேன். கேமராவின் மெயின் போர்டை, அதாவது உள்ளே இருக்கும் முக்கிய மின்சுற்றுப் பலகையை, மாற்றியதாகச் சொன்னார்கள். பழுது இருந்ததோ லென்ஸில். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. ஆனால் கோயில் திருவிழா, கல்யாணம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிற நம் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது கேனான் 70டி, 2013-இல் வந்த மாடல். லென்ஸ் 24-105 எஃப் 4 எல். கிளேர்வுட் கோயிலில் காவடி ஊர்வலத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தேன், நல்ல வெயில். திடீரென்று திரையில் எரர் 01. கேமராவுக்கும் லென்ஸுக்கும் தொடர்பு சரியில்லை, லென்ஸின் காண்டாக்டுகளைத் துடையுங்கள் என்று செய்தி வந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். லென்ஸின் பின்னால் இருக்கும் தங்க நிறக் காண்டாக்டுகளை உலர்ந்த துணியால் துடைத்தேன். சில படங்கள் எடுக்கும், மறுபடி அதே எரர்.

கடையில் சோதனைக் கட்டணம் 450 ராண்ட். அப்புறம் ஃபோன் வந்தது. லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) முடிந்து கரன்ட் திரும்பும்போது வோல்டேஜ் ஏறி, சார்ஜர் வழியாகப் போய் போர்டை எரித்துவிட்டதாம். 4,600 ராண்ட் ஆகுமாம். லோட் ஷெடிங் காலத்தில் ஃப்ரிட்ஜும் டிவியும் போனதைப் பார்த்தவர்கள் இந்தக் கதையை உடனே நம்புவார்கள், அதனால்தான் சொல்கிறார்கள். ஆனால் 70டி-யின் பேட்டரியைக் கழற்றித் தனிச் சார்ஜரில்தான் போட வேண்டும், யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறாது. சுவரிலிருந்து வரும் கரன்ட் கேமராவைத் தொடுவதே இல்லை. இதை ஃபோனிலேயே கேட்டேன். "பேட்டரி வழியா வரும் பாஸ், நாங்க தினமும் பார்க்கிறோம்" என்றார். அந்த வாரக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சரி, செய்யுங்கள் என்றேன்.

வாங்கப் போனபோது என் கண் முன்னாலேயே சில படங்கள் எடுத்துக் காட்டினார்கள். பழுதே இல்லை. வீட்டுக்கு வந்து மறுநாள் காலை வாசலில் எடுத்தால், எரர் 01.

ஏன் கடைக்குள் வேலை செய்தது? கடைக்குள் வெளிச்சம் குறைவு. அங்கே கேமரா லென்ஸின் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தை, முழுதாகத் திறந்து, எஃப் 4-இல் வைத்துப் படம் எடுக்கும். வெயிலில் அபெர்ச்சரை எஃப் 8, எஃப் 16 என்று சுருக்க வேண்டும். இந்த 24-105 லென்ஸில் அபெர்ச்சருக்குப் போகும் மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிள், ஜூம் செய்யச் செய்ய மடங்கி மடங்கி ஒருநாள் விண்டுபோகும். இந்த லென்ஸுக்கு இது ஊரறிந்த வியாதி. அப்புறம் எஃப் 4-இல் ஒழுங்காக எடுக்கும். சுருக்கச் சொன்னால் எரர்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். கேமராவை ஏவி மோடில் (அபெர்ச்சரை நாமே தேர்ந்தெடுக்கும் மோடு) வைத்து எஃப் 8 போடுங்கள். லென்ஸுக்குப் பக்கத்தில், முன்புறம் கீழே இருக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பட்டனை அழுத்துங்கள், அபெர்ச்சர் உடனே சுருங்க வேண்டும். எரர் வந்தால் லென்ஸின் மேல்தான் முதல் சந்தேகம். என்னோடு வேலை செய்யும் நண்பரின் 18-135 லென்ஸை என் கேமராவில் மாட்டினேன். எஃப் 16 வரை ஒரு சிக்கலும் இல்லை. என் லென்ஸை அவருடைய 80டி-யில் மாட்டினோம். அதுவும் எரர் 01 என்றது. இதைக் கடைக்காரர் செய்ய ஐந்து நிமிடம் போதும். கட்டணம் வாங்கியது வேறு எதற்கு?

அடுத்தது பேட்டரி. 70டி-யில் எல்பி-ஈ6 பேட்டரிகளின் சீரியல் எண்ணைப் பதிவு செய்து வைக்கும் வசதி உண்டு, ஆறு பேட்டரி வரை. என்னுடையதைப் பதிந்திருந்தேன். கடையிலிருந்து வந்த பேட்டரியைப் போட்டதும், பேட்டரியோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று கேமரா சொன்னது. ஒரிஜினலை எடுத்துக்கொண்டு டூப்ளிகேட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் என் பழைய பேட்டரியின் எண் அப்படியே இருந்தது. என் பெயரில் வைத்திருந்த காப்பிரைட் வரி, படங்களின் எண் வரிசை, எல்லாம் பழையபடி. புதிதாக மாட்டிய போர்டுக்கு என் பேட்டரியின் எண் எப்படித் தெரியும்?

திரும்பப் போய்க் கேட்டேன். பழைய போர்டு எங்கே என்றதற்கு, குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். பேட்டரி உங்களுடையதுதான் என்றார்கள். லென்ஸைத் தனியாகக் கொடுங்கள், பார்க்கிறோம், அதற்குத் தனிக் கட்டணம் என்றும் சொன்னார்கள். துணிச்சல்தான்.

தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-இன் 68-ஆம் எண்) இந்த விஷயத்தில் நம் பக்கம். ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று முதலில் மதிப்பீடு கொடுத்து நம் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது 15-ஆவது பிரிவு. சோதனைக்குப் பணம் வாங்குவதானாலும் முன்னதாகவே தொகையைச் சொல்ல வேண்டும். கழற்றிய பாகங்களை, நாம் வேண்டாம் என்று சொல்லாத வரை, நமக்குத் திருப்பித் தர வேண்டும், இது 67-ஆவது பிரிவு. 57-ஆவது பிரிவின்படி, மாட்டிய பாகத்துக்கும் அதை மாட்டிய கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம். ரசீதில் "கேமரா சர்வீஸ்" என்று மொட்டையாக எழுதித் தந்தால் வாங்காதீர்கள். எந்தப் பாகம் என்று எழுதச் சொல்லுங்கள். கேமராவை ஒப்படைக்கும்போது பேட்டரியையும் கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்கப் பேட்டரி இல்லாத ரிப்பேர் கடை எதற்கு?

ரிப்பேர் செய்வதா, விட்டுவிடுவதா? 70டி போன்ற பழைய கேமராவில் மெயின் போர்டே போனால், செலவு செகண்ட் ஹேண்ட் பாடியின் (லென்ஸ் இல்லாத கேமராவின்) விலையைத் தொட்டுவிடும். நானாக இருந்தால் செய்ய மாட்டேன். ஷட்டருக்குக் கேனான் சொன்ன ஆயுள் 1 லட்சம் படம். அதைத் தாண்டிய பாடியில் பெரிய செலவு வேண்டாம். நல்ல லென்ஸ் வேறு கதை. பாடியை மாற்றினாலும் அது கூட வரும். என் லென்ஸை டர்பனுக்குப் பக்கத்திலுள்ள பைன்டவுனில் ஒரு மெக்கானிக் 1,900 ராண்டுக்குச் சரிசெய்தார். விண்டுபோன கேபிளை நான் கேட்காமலேயே ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

முதல் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன், பதில் இல்லை. இப்போது நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மேன் (நுகர்வோர் புகார்களை விசாரிப்பவர்) அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. நமக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் கடைக்கு முதலில் எழுதிக் கேட்டதைக் காட்ட வேண்டும், எனவே வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். நகர மையத்தில் உங்களுக்கும் யாராவது இந்தச் சார்ஜர் கதையைச் சொல்லி போர்டுக்குப் பணம் வாங்கியிருந்தால், ரசீதைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். என் புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.