அப்சிந்துக்கு எந்தக் கிளாஸ்: குமிழ் வைத்ததா, சாதா டம்ளரா?

பிரான்ஸின் கிழக்கே பெசன்சோன் நகரில் ஒரு சின்ன பாரில் வேலை எனக்கு. சுவிஸ் எல்லைப் பக்கமாக ஒரு மணி நேரம் காரில் போனால் பொன்தார்லியே. ஆன்றி-லூயி பெர்னோ 1805இல் அப்சிந்த் என்ற மதுவுக்கு வடிசாலை தொடங்கிய ஊர் அது. அந்த ஊரைப் பார்த்துவிட்டு, கையில் ஒரு பாட்டிலும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: வீட்டில் இதை எதில் ஊற்றிக் குடிப்பது? வாயால் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

கிளாஸைப் பார்க்கும் முன் சரக்கைப் பார்க்க வேண்டும். மாசிபத்திரிக்கு உறவான ஒரு கசப்புச் செடியும் சோம்பு வகைகளும் சேர்த்து வடிப்பது அப்சிந்த். சாராய அளவு 45 சதவீதத்தில் தொடங்கி 70ஐத் தாண்டியும் போகும். அப்படியே குடிக்கிற சரக்கு இல்லை. ஒரு பங்குக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை குளிர்ந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோம்பு எண்ணெயில் உள்ள அனெத்தோல் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் ஏற ஏற அது நுண்துளிகளாகப் பிரிய, பச்சையாக இருந்தது அடியிலிருந்து பால் போலக் கலங்கி வரும். ஆக, கிளாஸுக்கு இரண்டே வேலை. அளந்து தர வேண்டும், இந்தக் கலங்கலைக் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம்.

பொன்தார்லியே கிளாஸ் என்று விற்பது இந்த இரண்டு வேலைக்காகவே பிறந்தது. கனமான பாதம், குட்டைக் காம்பு, அதன் மேல் ஒரு குமிழ், குமிழுக்கு மேல் இடுப்பு மாதிரி ஒரு சுருக்கம், பிறகு அகலமான வாய். குமிழ் நிறைய சரக்கு, மேலே தண்ணீர். தனியாக அளவுக் குப்பியே வேண்டாம். நான் இதற்குத்தான் முதல் ஓட்டு போடுவேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: குமிழ் 30 மில்லிதான் பிடிக்க வேண்டும்.

வாங்கியதும் சமையல் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, சுருக்கம் வரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். 30 கிராம் காட்டினால் நல்ல கிளாஸ். இணையத்தில் நான் வாங்கிய ஒரு மலிவு ஜோடி 50 காட்டியது. இருபது மில்லிதானே என்று விட்டுவிட முடியாது. 68 சதவீதச் சரக்கு 30 மில்லிக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டால் மொத்தம் 150 மில்லி, காரம் 14 சதவீதத்துக்குக் கீழே, அதாவது வைன் அளவுக்கு வந்துவிடும். 50 மில்லி என்றால் அதே கலவைக்கு 250 மில்லி ஆகும். அந்தக் கிளாஸில் அது விளிம்பைத் தொட்டுவிடுகிறது. ஆகவே தண்ணீரைக் குறைப்போம், நாக்கு எரியும், கடைசியில் பழி சரக்கின் மேல் விழும்.

குமிழ் கிளாஸின் பெரிய தொல்லை கழுவுவது. சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு இரவு அப்படியே வைத்தால் அந்தச் சுருக்கத்துக்குக் கீழே பிசுக்கு காய்ந்து வெள்ளை வளையமாக ஒட்டிக்கொள்ளும். ஸ்பாஞ்ச் அங்கே போகாது, விரலும் போகாது. பாட்டில் கழுவும் பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது குடித்த கையோடு வெந்நீர் ஊற்றி வையுங்கள்.

அடுத்தது விளிம்பு. சர்க்கரை போடுகிறவர்கள் கட்டியைத் துளைக்கரண்டியில் வைத்து அதன் மேல்தான் தண்ணீரைச் சொட்ட விடுவார்கள்; அந்தக் கரண்டி கிளாஸின் வாயில் குறுக்கே உட்கார வேண்டும். மெல்லிய வைன் கிளாஸில் உலோகக் கரண்டி பட்டுப் பட்டு விளிம்பு சில்லு தெறித்துவிடும். சர்க்கரை இல்லாமல் குடிக்கிறவர்கள் காம்பு வைத்த எந்த வைன் கிளாஸையும் தாராளமாக எடுக்கலாம், 30 மில்லியை மட்டும் அளந்து ஊற்றினால் போதும். காம்பு எதற்கென்றால், கைச்சூடு தண்ணீரின் குளிர்ச்சியைக் கெடுக்காமல் இருக்க.

பச்சை நிறக் கண்ணாடி, நீலம், பூ செதுக்கியது இவற்றையெல்லாம் ஷோகேஸுக்கு விட்டுவிடுங்கள். கலங்குவது தெரியாத கிளாஸில் தண்ணீரை எப்போது நிறுத்துவது?

எல்லை தாண்டி சுவிஸின் வால்-து-திராவேருக்குப் போனால் இத்தனை சடங்கு இருக்காது. அங்கே 1910 முதல் 2005 வரை தடை. வீட்டுக்குள் ஒளித்து வடித்த காலம் அது. நிறமில்லாத அந்தச் சரக்கைச் சாதா டம்ளரில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீர் விட்டு நீட்டுவார்கள். கரண்டி, சர்க்கரை எல்லாம் வேண்டுமானால்தான். அந்த வகை பாட்டில் உங்களிடம் இருந்தால் கிளாஸுக்கென்று காசு செலவழிக்காதீர்கள்.

பழைய கிளாஸ் மேல் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்ஸில் தடை வந்தது 1915 மார்ச்சில், அதனால் அசல் கஃபே கிளாஸ் என்றால் நூறு வயது தாண்டியிருக்கும். பழம்பொருள் சந்தையில் அப்படிச் சொல்லி விற்பதைக் கவிழ்த்துப் பாதத்தைத் தடவிப் பாருங்கள். மேசையில் உரசி உரசி வந்த மெல்லிய கீறல்கள் இல்லாமல் வழவழவென்று இருந்தால் நான் வாங்க மாட்டேன். புதிது போதும் என்றால் எங்கள் பக்கத்து மாவட்டமான ஓத்-சோனில், 1475 முதல் இயங்கும் லா ரோஷேர் கண்ணாடிப் பட்டறை குமிழ் வைத்த அப்சிந்த் கிளாஸ் செய்கிறது. அச்சில் வார்த்த தடிமனான கண்ணாடி. பார் வேலைக்கு அந்தத் தடிமன்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

சர்க்கரையைக் கொளுத்துவதற்கு எந்தக் கிளாஸ் தாங்கும் என்று இளவட்டங்கள் கேட்பதுண்டு. அந்தப் பழக்கம் 1990களில் செக் நாட்டுப் பக்கத்திலிருந்து பரவியது. இங்கே யாரும் கொளுத்துவதில்லை. கருகிய சர்க்கரை சோம்பு வாசனையைக் கெடுக்கும், சூட்டில் கிளாஸும் விரிசல் விடும். தீப்பெட்டி கேட்டால் நான் தருவதில்லை.

அப்புறம், ஆறு கிளாஸ் செட் வேண்டாம். சொட்டு விட்டு ஒரு கிளாஸ் தயாராகவே சில நிமிடம் பிடிக்கும். ஆறு பேரை வரிசையாக உட்கார வைத்தால் கடைசி ஆள் தூங்கிவிடுவார். இரண்டு வாங்குங்கள்.