நேர்க்கட்டையா, பிஸ்டல் பிடியா: குரௌஸ் வேட்டைக்கு ஏற்ற துப்பாக்கிக் கட்டை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடபகுதிக் காடுகளில் குரௌஸ் என்ற காட்டுப் பறவையின் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் போர் (bore, குழல் விட்டத்தின் அளவு) எத்தனை, குழல் எவ்வளவு நீளம், எடை எவ்வளவு என்று பலமுறை விசாரிக்கிறார்கள்; ஆனால் நாள் முழுவதும் வலக்கை பற்றியிருக்கப் போகிற கட்டையின் (தோளில் ஊன்றும் மரப்பகுதியின்) கழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நான் ஏழு பருவங்கள் பிஸ்டல் பிடி கொண்ட 12 போர் துப்பாக்கியோடு காட்டில் நடந்துவிட்டு, அதன் பிறகு நேர்க்கட்டை கொண்ட 20 போர் இரட்டைக் குழலுக்கு மாறி நான்கு பருவங்கள் ஆகின்றன. இப்போது என் மனம் நேர்க்கட்டையின் பக்கமே இருக்கிறது. அந்தச் சாய்வுக்குக் காரணம் அழகோ மரபோ அல்ல. துப்பாக்கியில் இரண்டு விசைகள், அதாவது விரலால் இழுத்துச் சுடும் டிரிகர்கள், இருப்பதுதான்.

வேறுபாடு பார்த்தவுடன் தெரிவதே. நேர்க்கட்டையில் விசைக்காப்புக்கு (விசைகளைச் சுற்றியுள்ள உலோக வளையத்துக்கு) பின்னால் மரம் வளையாமல், ஒரே கோடாகப் பின்முனை வரை போகிறது. ஆங்கிலேயக் கட்டை என்று இதைச் சொல்வதும் உண்டு. பிஸ்டல் பிடியில் அதே இடத்தில் மரம் கீழே வளைந்து இறங்கி, உள்ளங்கைக்கு ஒரு நிலையான இடத்தைக் கொடுக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்டு, வளைவு குறைந்து முனை உருண்டிருக்கும் பிடியை ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ பிடி என்பார்கள். நேர்க்கட்டையில் மரம் சற்றுக் குறைவு என்பதால் எடையும் கொஞ்சம் குறையும். ஆனால் அந்தச் சிறு வித்தியாசத்துக்காக மட்டும் எந்தப் பக்கமும் முடிவெடுக்கத் தேவையில்லை.

முடிவைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாட்டில் இரு குழல்கள் அமைந்த பழைய முறைத் துப்பாக்கியில் முன்விசை வலக்குழலையும் பின்விசை இடக்குழலையும் சுடும். வழக்கமாக வலக்குழலின் சோக் (குழல்முனையின் குறுக்கம்) தளர்வாகவும் இடக்குழலின் சோக் இறுக்கமாகவும் இருக்கும். அதாவது முன்விசையை இழுத்தால் ரவைகள் விரைவாகப் பரவும். அது அருகில் எழும் பறவைக்கு. பின்விசையை இழுத்தால் ரவைகள் இன்னும் சற்றுத் தூரம் நெருக்கமாகப் போகும். அது விலகிவிட்ட பறவைக்கு. எந்தக் குழல் வேண்டும் என்ற தேர்வு விரல் எந்த விசையின் மேல் போய் அமர்கிறது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. ஒற்றை விசைத் துப்பாக்கியில் இந்தத் தேர்வை ஒரு சிறு பொத்தான் செய்கிறது. பெரும்பாலும் அது கட்டைவிரலுக்கு அருகே, தவறிச் சுடாமல் தடுக்கும் பாதுகாப்புப் பொத்தானோடு சேர்ந்தே இருக்கும். களிமண் தட்டுகளைச் சுடும் மைதானத்தில் அடுத்த தட்டு எங்கிருந்து வரும் என்று முன்பே தெரியும் என்பதால் அந்தப் பொத்தான் போதுமானது. காட்டில் அப்படித் தெரியாது.

மேலும் கீழுமாகக் குழல்கள் அமைந்த என் பழைய 12 போரை எடுத்துக்கொண்டு போன கடைசிப் பருவத்தில், வெட்டிய மரம் ஏற்றிச் சென்ற பழைய வண்டிப் பாதை ஒன்றில் முப்பது மீட்டருக்கும் அப்பால் ஒரு குரௌஸ் ஓரத்துப் புதரிலிருந்து ஓடி வந்து நின்றது. அது எழுந்தால் இறுக்கமான மேல்குழல்தான் சரி என்று எனக்குத் தெரிந்தது. கட்டைவிரலால் பொத்தானைத் தள்ளினேன். குளிரில் மரத்துப்போன விரல் அதை முழுவதும் தள்ளிற்றா, பாதியில் நிறுத்திற்றா என்று உணர முடியவில்லை. கண்ணைத் தாழ்த்திப் பார்த்து நிமிர்ந்தபோது ஆஸ்பென் மரங்களுக்கு இடையே சிறகோசை மட்டும் இருந்தது. இப்போது கையில் இருக்கும் துப்பாக்கியில் அதே தூரத்தில் ஒரு பறவை எழுந்தபோது, கட்டை தோளுக்கு வருவதற்குள் விரல் பின்விசைக்குப் போயிருந்தது. நான் அதைத் தனியாக யோசிக்கவே இல்லை.

இந்த இரண்டு விசைகளுக்கும் நேர்க்கட்டைக்கும் உள்ள உறவைத்தான் கடைகளில் போதுமான அளவு விளக்குவதில்லை. இரு விசைகளுக்கும் இடையே ஏறக்குறைய ஓர் அங்குலம் இடைவெளி இருக்கும். முதல் குண்டுக்குப் பிறகு விரலை மட்டும் பின்னால் மடக்கி இழுப்பது சரியான வழி அல்ல. முழுக் கையும் அந்த அளவு பின்னால் நழுவ வேண்டும். நேர்க்கட்டையின் கழுத்தில் கையைத் தடுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் கை இயல்பாக நழுவி, இரண்டாவது விசையையும் முதல் விசையைப் பிடித்த அதே நிலையில் பிடிக்கிறது. பிஸ்டல் பிடி அந்த நழுவலைத் தடுப்பதற்காகவே வளைந்திருக்கிறது. அதில் இரண்டு விசைகளை வைத்தால், முன்விசை எட்டாமலோ பின்விசைக்கு விரல் நெருக்கடியாக மடங்கியோ ஏதாவது ஒன்று நேரும். மடங்கிய விரலால் இழுக்கும்போது குழல்முனை சற்றே இழுபட்டுப் போவதை நானே ஒரு நண்பரின் துப்பாக்கியில் கண்டிருக்கிறேன். பார்க்கர், ஃபாக்ஸ் போன்ற பழைய அமெரிக்க இரட்டைக் குழல்களில் பிஸ்டல் பிடியும் இரண்டு விசைகளும் சேர்ந்தே வந்தன, அவற்றால் தலைமுறை தலைமுறையாக நன்றாகச் சுட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. பழகினால் முடியும், ஆனால் கட்டை உதவி செய்யாத இடத்தில் பழக்கம் அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு பலனும் இதோடு வருகிறது. பல ஒற்றை விசைத் துப்பாக்கிகளில் முதல் தோட்டா வெடித்த உதைப்புதான் விசையை அடுத்த குழலுக்கு மாற்றுகிறது. முதல் தோட்டா வெடிக்காமல் போனால் உதைப்பும் இல்லை, மாற்றமும் இல்லை. உதைப்பை நம்பாத ஒற்றை விசைகளும் உண்டு என்றாலும், இரண்டு விசைகள் இருக்கும்போது அந்தக் கேள்வியே எழுவதில்லை. இரண்டும் தனித்தனிப் பூட்டுகளை (தோட்டாவை வெடிக்கச் செய்யும் பொறிகளை) இயக்குகின்றன.

பழகுவதற்கு எனக்கு ஒரு முழுப் பருவம் ஆயிற்று. முதல் குண்டு தவறியவுடன் மறுபடியும் முன்விசையையே இழுத்துவிட்டு, ஏன் வெடிக்கவில்லை என்று திகைத்த நாட்கள் பல. வீட்டில் போலித் தோட்டாக்களைப் போட்டு, துப்பாக்கியை உயர்த்தி, முன்விசை, நழுவல், பின்விசை என்று தினமும் சில நிமிடங்கள் செய்த பிறகுதான் கை தானாகப் போகத் தொடங்கியது. பின்விசையை இழுக்கும்போது உதைப்பில் முன்விசை விரலின் பின்புறத்தில் இடிப்பதும் உண்டு. நல்ல துப்பாக்கிகளில் முன்விசைக்குக் கீல் வைத்து, அது முன்னால் மடங்கிக் கொடுக்கும்படி செய்திருப்பார்கள். வாங்கும்போது இதை விரலால் தள்ளிப் பார்த்துவிடுவது நல்லது.

பிஸ்டல் பிடிக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். நவம்பர் கடைசியில் தடித்த கையுறை போட்டுக்கொண்டு நடக்கும்போது இரண்டு விசைகள் உண்மையிலேயே தொல்லை; பின்விசைக்குப் போகும் விரலின் கையுறை முன்விசையில் சிக்கும். நான் வலக்கைக்கு மட்டும் மெல்லிய தோல் கையுறை போட்டுச் சமாளிக்கிறேன். துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு காத்திருந்து சுடும் வகைகளில், அதாவது தட்டுச் சுடுதலில், வளைந்த பிடியே மணிக்கட்டுக்கு இதம். நேர்க்கட்டையில் குழலைக் கிடையாக நீட்டிக் காத்திருந்தால் மணிக்கட்டு கீழ்நோக்கி அதிகம் மடிந்து சீக்கிரம் வலிக்கும். தலைக்கு மேல் பறக்கும் ஃபெசன்ட்டை நோக்கி உயர்த்திச் சுடும் இங்கிலாந்து முறைக்கு நேர்க்கட்டை பொருந்தி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். வாத்து வேட்டைக்கு நான் மூன்று காலைகள் மட்டுமே போயிருக்கிறேன். அமெரிக்கா முழுவதும் 1991 முதல் நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை தடை செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு ஈடாக வந்த வலுவான எஃகு ரவைத் தோட்டாக்களின் உதைப்பை அந்த மூன்று காலைகளில் பிஸ்டல் பிடி நன்றாகவே தாங்கிற்று. அவ்வளவுதான் என் அனுபவம். அதை வைத்துப் பெரிய தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கட்டையின் மரத்தைப் பார்த்து வாங்குவது எந்த வகைக்கும் அவசியம். என் துப்பாக்கி ஸ்பெயினின் எய்பார் நகரத்துத் தயாரிப்பு. அதன் வால்நட் கட்டையைச் சாளர வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பின்புறம் அலை அலையாகப் போகும் நார்வரிகள் கழுத்துக்கு வரும்போது நேராகி, சாய்வு இல்லாமல் பூட்டுக்குள் நுழைவது தெரியும். மிக மெல்லிய அந்த இடத்தில் நார்வரி குறுக்கே ஓடினால், வழுக்கி விழும் ஒரு நாளில் கட்டை அங்கேதான் விரியும். பூ வேலைப்பாடு போன்ற அழகான வரிகள் பின்கட்டையில் இருக்கட்டும், கழுத்தில் வேண்டாம்.

மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பிஸ்டல் பிடியைச் செதுக்கி நேர்க்கட்டையாக்க நல்ல கட்டைத் தச்சரால் முடியும். ஆனால் விசைக்காப்பின் வால் பகுதி வளைவோடு சேர்ந்து இறங்குவதால் அதையும் மாற்றவோ வளைத்து நேராக்கவோ வேண்டும், மரத்தில் வரிப்பிடி வேலையையும் (கை வழுக்காமல் இருக்கச் செதுக்கும் குறுக்குக் கோடுகளையும்) புதிதாகச் செய்ய வேண்டும். நேர்க்கட்டையை வளைந்த பிடியாக்குவதற்கோ இல்லாத மரத்தைச் சேர்க்க வழியில்லை, புதுக் கட்டைதான்.

ஒற்றை விசையும் நேர்க்கட்டையும் சேர்ந்த, மேலும் கீழுமாகக் குழல் அமைந்த துப்பாக்கிகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவை தோளில் சுமந்து நடக்க இதமானவை, பார்க்கவும் அழகானவை. ஆனால் கை நழுவ வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் நேர்க்கட்டை அதன் முக்கியமான வேலையை இழந்துவிடுகிறது. ஒற்றை விசைதான் வேண்டும் என்பவருக்கு உருண்ட முனையுள்ள பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் பிடியைச் சொல்வேன். இரண்டு விசை என்று முடிவு செய்தவர் கடையில் குழல்கள் காலியாக இருப்பதைச் சரிபார்த்து, போலித் தோட்டா போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாறு முறை உயர்த்தி இரு விசைகளையும் இழுத்துப் பார்க்கட்டும். இரண்டாவது விசைக்கு விரல் தேடிப் போனால், கட்டையின் நீளமோ கழுத்தின் பருமனோ அவருக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.