வில்லங்கம் நிமிஷத்தில், பட்டா மாற்றம் மட்டும் நிலுவையில்

அப்பா பேரில் இருக்கும் நிலத்தை அம்மா, அக்கா, நான் என மூவர் பேருக்கும் மாற்ற வேண்டும். இந்தத் தடவை சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனதே அதற்காகத்தான். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தோம், அதிகம் அலையவிடாமல் வந்துவிட்டது. நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை ஊருக்குக் கிளம்பும் முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் காசு கட்டாமல் பார்த்தாயிற்று. பட்டாவும் அப்படித்தான், புல எண்ணைப் போட்டால் திரையில் நிற்கிறது.

வீட்டில் இருந்த பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும்தான் வில்லங்கமே. பத்திரத்தில் பழைய சர்வே நம்பர், 62 சென்ட். பட்டாவில் புது நம்பர், உட்பிரிவு, 25 ஏர் (ஒரு ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட்). கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் அப்பாவின் இனிஷியல் ஒன்றில் ‘மு’, இன்னொன்றில் ‘எம்’. பத்திரம் பதிவுத்துறை சொத்து, பட்டா வருவாய்த்துறை சொத்து. 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யுடிஆர் திட்டத்தில் ஏறிய எழுத்துப்பிழைகளுக்கு இன்றும் திருத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வழி காட்டியவர் ஒரு பத்திர எழுத்தர். சுற்றுவட்டக் கிராமங்களின் பழைய நம்பருக்கு எது புது நம்பர் என்று கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கிராம நிலங்களின் வருவாய்த்துறைக் கணக்கான அ-பதிவேட்டில் இருப்பதுதான், ஆனால் அவர் நோட்டில் யார் பங்கு எந்த உட்பிரிவில் போனது என்ற கதையும் சேர்ந்திருக்கிறது.

“இதை கம்ப்யூட்டர்ல ஏத்தலாமேண்ணே?”

“ஏத்தலாம் தம்பி. ஏத்திட்டா அப்புறம் என்னை யாரு தேடி வருவா?”

நியாயமான கேள்வி. நிலத் தொழில்நுட்பம் என்று கிளம்பும் கம்பெனிகள் பல, நமக்குப் பதிலாக வரிசையில் நிற்க ஆள் அனுப்பிக் கட்டணம் வாங்குகின்றன. (வெளிநாட்டில் இருப்பவனுக்கு அதுவும் உதவிதான்.) காலியாகக் கிடக்கும் வேலை வேறு: தாய்ப் பத்திரம் (முந்தைய உரிமையைக் காட்டும் மூலப் பத்திரம்), வில்லங்கம், பட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எங்கே முரண், எந்த மனு எந்த மேசைக்கு என்று முன்கூட்டியே சொல்வது. பழைய பத்திரக் கையெழுத்தை மென்பொருள் தப்பாகப் படிக்கும். அந்த எழுத்தரே பார்த்துத் திருத்த வேண்டும், ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் அவருக்குப் பங்கு போக வேண்டும்.

என்னைப் போல எப்போதோ வந்து போகிறவனை நம்பி இதில் கடை போட முடியாது. வீட்டுக்கடனுக்காக சொத்தின் உரிமை சரிதானா என்று வங்கிக்கு லீகல் ஒப்பீனியன் எழுதும் வழக்கறிஞர்கள் நாள் தவறாமல் முப்பது வருஷத்துப் பத்திரங்களைப் புரட்டுகிறார்கள். முதலில் போய்ப் பேச வேண்டியது அவர்களிடம்.