நாய்க்கு முன் கைக்குப் பயிற்சி: ஒரு ஹேண்ட்லிங் வகுப்பைப் பற்றி

நாய்க் கண்காட்சிக்கான ஹேண்ட்லிங் வகுப்பு (நடுவர் முன் நாயை நடத்தியும் நிறுத்தியும் காட்டக் கற்றுத்தருவது) என்றால் நாயைப் பழக்குவதற்கான வகுப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் லாப்ரடார் பெட்டையோடு நான் பயின்ற வகுப்பில், நாயிடம் வருவதற்கு முன்பே அதைப் பிடித்திருப்பவரின், அதாவது ஹேண்ட்லரின், கையையும் நடையையும் திருத்தினார்கள். அந்த ஒரு காரணத்திற்காகவே இவ்வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

தொடக்கத்தில் நாய்கள் ஓரமாகக் கூண்டில் படுத்திருக்க, நாங்கள் வெறும் லீஷை (நாயைப் பிடிக்கும் வாரை) இடக்கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, நடுவர் முன் நாய்களை ஓட்டிக்காட்டும் களமான ரிங்கைச் சுற்றி ஓடினோம். நாயை இடப்புறம் வைத்துக் கடிகார முட்களுக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் நடுவில் நிற்கும் நடுவரின் பார்வைக்கு ஹேண்ட்லரின் உடல் குறுக்கே வராது என்பதும், முக்கோணமாக ஓடச் சொல்வது பின்னங்கால், பக்கவாட்டு நடை, முன்னங்கால் ஆகிய மூன்றையும் ஒரே ஓட்டத்தில் பார்ப்பதற்காகவே என்பதும் அப்போதுதான் தெளிவாகப் புரிந்தன.

இவ்வகுப்பின் உண்மையான பலம் நடைப் பயிற்சியில் இருக்கிறது. ரிங்கில் நடுவர் பார்க்க விரும்புவது மூலைவிட்டமாக அமைந்த கால்கள் சேர்ந்து எழும் டிராட் நடையை. ஆனால் ஹேண்ட்லர் மெதுவாக நடந்தாலோ நாய் களைத்திருந்தாலோ ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து எழும் பேஸ் நடைக்கு அது எளிதில் இறங்கிவிடும், உடலும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். என் நாய் அப்படி ஆடியபோது பயிற்சியாளர் அதைக் கடிந்துகொள்ளவில்லை. லீஷைச் சற்று உயர்த்தி, ஒரு சிறு வட்டம் அடித்து, என் வேகத்தை ஒரு படி கூட்டச் சொன்னார். வட்டத்திலிருந்து வெளியேறும்போதே கால்கள் மாறிவிட்டன. நாயிடம் குறை தெரிந்தால் முதலில் ஹேண்ட்லரின் வேகத்தைக் கவனிக்க வேண்டும் என்ற இந்தப் பார்வை எல்லா வகுப்புகளிலும் கிடைப்பதில்லை.

ஸ்டாக் செய்வதையும், அதாவது நடுவர் பார்ப்பதற்காக நாயின் கால்களைச் சரியாக வைத்து அசையாமல் நிறுத்துவதையும், இதே பொறுமையுடன் கற்றுத்தருகிறார்கள். முன்னங்காலைப் பாதத்தில் பிடித்து இழுக்காமல் முழங்கையில் பிடித்துத் தூக்கித் தோளுக்கு நேர் கீழே வைப்பதும், பின்னங்காலின் ஹாக் மூட்டிலிருந்து (கணுக்கால் மூட்டிலிருந்து) பாதம் வரையிலான பகுதி தரைக்குச் செங்குத்தாக இருக்குமாறு நிறுத்துவதும் கைப்பழக்கமாகும் வரை அடுத்த பாடத்திற்குச் செல்வதில்லை. (ஜெர்மன் ஷெப்பர்டுக்கு நிலை வேறு என்பதால் அவற்றைத் தனியாகப் பழக்குகிறார்கள்.) நாய் உட்கார்ந்தால் தீனி கிடையாது, நின்றால் மட்டுமே உண்டு, ஒவ்வொரு முறை நிற்கும்போதும் உட்காரச் சொல்லி வீட்டில் பழக்கியவர்களுக்கு இவ்விதி சிரமமாக இருக்கும், எனினும் அது மிகச் சரியான விதி.

இவ்வகுப்பின் குறை, நடுவர் நாயைத் தொட்டுப் பார்ப்பதற்கான பரிசோதனைப் பயிற்சியில் இருக்கிறது. கண்காட்சியில் முன்பின் அறியாத ஒருவர் உதட்டை விலக்கிப் பல்வரிசை பார்ப்பார், முதுகையும் தொடையையும் தடவிப் பார்ப்பார், ஆண் நாயானால் இரு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்றும் தொட்டுப் பார்ப்பார். இங்கோ எல்லா நாய்களையும் ஒரே பயிற்சியாளரே தொட்டுப் பார்த்ததால், அவருக்குப் பழகிய நாய் புதியவரிடமும் அசையாமல் நிற்கும் என்று நம்ப வழியில்லை. உரிமையாளர்கள் தங்களுக்குள் நாய்களை மாற்றிப் பரிசோதிக்கச் சொல்லியிருந்தாலே இது தீர்ந்திருக்கும். நான்கு முதல் ஆறு மாதம் வரையிலான குட்டிகளுக்குப் பால்பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைப்பதால் ஈறு வலிக்கும். அவற்றின் வாயையும் மற்ற நாய்களுடையதைப் போலவே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தது எனக்கு உடன்பாடில்லை. அந்த வயதில் உதட்டை மெல்லத் தூக்கி உடனே தீனி கொடுத்தால் போதும். இப்போது பதியும் அச்சம் பின்னர் ரிங்கில்தான் வெளிப்படும்.

பயிற்சி முழுவதும் ரப்பர் விரிப்பின் மீதே நடப்பதால், புல்தரையில் வாசனை பிடிக்கத் தலை தாழ்த்தும் நாய்களுக்கு வெளியில் தனியாகப் பழக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். டாஷ்ஹண்ட், பீகிள் போன்ற இனங்களை மேசைமீது நிறுத்திப் பரிசோதிப்பார்கள். அவற்றை வளர்ப்பவர்கள் சேருவதற்கு முன் மேசைப் பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் நான் சென்ற பிரிவில் இருந்த ஒரே மேசையைச் சுற்றி எப்போதும் காத்திருப்புதான்.