14 வருஷமாக வாசலில் நிற்கும் சரக்கொன்றை

பொள்ளாச்சியில் வீடு கட்டியிருக்கும் நண்பர், வாசலில் சரக்கொன்றை வைக்கலாமா என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை, சித்திரைப் பிறப்பில் மலையாளிகள் கொண்டாடும் விஷு முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

எங்கள் வீடு கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில். இங்கே இதற்குக் கணிக்கொன்றை என்று பெயர், விஷு அன்று விடிந்ததும் முதலில் கண்விழித்துப் பார்க்கும் கணியில் இந்தப் பூ இல்லாமல் ஆகாது, அதற்காகவே வைத்த மரம். ஆனால் வறண்ட வெயில் ஏறியதும் இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கிற சாதி இது. வெயில் முந்தினால் பூவும் முந்திவிடுகிறது. இந்த வருஷம் மார்ச்சிலேயே பூத்துக் கொட்டியது, மிச்சத்தை ஒரு கோடைமழை அடித்துப் போட்டது. விஷுவுக்கு முதல் நாள் கடைத்தெருவில் காசு கொடுத்து ஒரு கொத்து வாங்கி வந்தேன். பக்கத்திலேயே பிளாஸ்டிக் கொன்றையும் குவித்து வைத்திருந்தார்கள். அம்மா பூவைக் கணித்தட்டில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

குறுந்தொகையில் ஒரு தோழி, காலம் தப்பிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்டதே இந்தக் கொன்றை, எவ்வளவு பேதை என்கிறாள். கார்காலத்தில் வருவேன் என்று போனவன் இன்னும் வரவில்லையே என்று வாடும் தலைவியைத் தேற்றச் சொன்னது அது. எனக்கோ அப்படியே உண்மையாகப் படுகிறது.

பூத்திருக்கும்போது மட்டும் கோபமே வராது. முழங்கை நீளச் சரங்கள், கீழே இருப்பவை முட்டைமொட்டு, மேலே விரிந்த பூ. ஐந்து இதழ், பத்து மகரந்தத் தாள், அதில் மூன்று மட்டும் நீண்டு கொக்கிபோல் வளைந்திருக்கும். கறுத்த தச்சுத்தேனீ வந்து உட்கார்ந்தால் சரமே ஆடும்.

அப்புறம் காய். ஒன்றரை அடிக் குழல், முற்றினால் கறுத்துவிடும், மாதக்கணக்கில் தொங்கும். உடைத்தால் காசு அடுக்கியதுபோல் தடுப்புகள், அறைக்கு ஒரு விதை, புளிபோல் ஒட்டுகிற கறுப்புச் சதை. மலச்சிக்கலுக்கு வைத்தியர்கள் கொடுப்பது இதைத்தான். இனிக்கிறதே என்று பக்கத்து வீட்டுப் பையன் நக்கித் தின்றுவிட்டு ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கில் கிடந்தான், அளவு தெரியாமல் யாரும் தொட வேண்டாம்.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் விடவில்லை, விதை கேட்கிறார். தருகிறேன். ஓடு கெட்டி, உப்புத்தாளில் உரசி ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடட்டும். பூவுக்கு எனக்கு 7 வருஷம் ஆனது.