மீண்டும் திறந்த ஃபிஸ்டுலா: யோனி வழியா, வயிற்று வழியா?

சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே விழும் ஓட்டைதான் இங்கே ஃபிஸ்டுலா. தைத்த பிறகு அது மறுபடி திறந்துவிட்டால், பொதுவாக 3 மாதமாவது பொறுக்க வேண்டும். வீக்கமும் தொற்றும் அடங்காத திசுவில் தையல் நிற்காது.

ஓட்டை தாழ்வாக, விரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தால் யோனி வழியே மேல். வலியும் ரத்த இழப்பும் குறைவு. முன்பு ஒருமுறை தோற்றது என்பதற்காகவே வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. வெளியுதட்டுக் கொழுப்பை ரத்த ஓட்டம் அறாமல் தோலுக்கடியில் இழுத்து, பை, யோனி என இரண்டு தையல் அடுக்குகளுக்கும் நடுவே வைப்பது மார்ட்டியஸ் முறை. அந்தச் சுரங்கப் பாதை குறுகினால் கொழுப்பு நசுங்கிச் செத்துவிடும். தாராளமாகவே பிரிக்க வேண்டும்.

ஓட்டை உயரத்தில் இருந்தாலோ, சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் சிறுநீர்க்குழாயை இடம் மாற்றவோ சுருங்கிய பையைப் பெரிதாக்கவோ வேண்டியிருந்தாலோ வயிற்று வழிதான். ஓ'கானர் முறையில் பையை ஓட்டைவரை பிளந்து, பை, யோனி இரண்டின் சுவர்களையும் பிரித்துத் தனித்தனியே தைத்து, நடுவில் ஒமென்டத்தை (குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலம்) இறக்குவார்கள். ஆஸ்பத்திரியில் கூடுதல் நாள் தங்க நேரும்.

எந்த வழியானாலும் தையலில் இழுவை கூடாது. பையில் சுமார் 200 மி.லி. நீலச் சாயம் ஏற்றிக் கசிவைப் பார்த்துவிட வேண்டும். சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டர் 2–3 வாரம் இருக்கும். அது அடைத்துப் பை புடைத்தால் தையல் பிரிந்துவிடும். முதல் நாட்களில் மணிக்கொரு முறை வடிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.