பேஸ் பெட்டியை மேடைத் தரையிலிருந்து தூக்கி ஏழு வருடம்

திருவிழாவுக்குப் போடும் மேடையைக் கவனித்திருப்பீர்கள். இரும்புச் சட்டம், மேலே பிளைவுட் பலகை, அதன்மேல் ஒரு சிவப்புக் கம்பளம். அடியில் மூன்று நான்கு அடிக்கு வெறும் காற்று. ஒரு ராட்சதத் தோல்கருவியின் மேல் ஏறி நின்றுகொண்டுதான் நாங்கள் கச்சேரி செய்கிறோம்.

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டி, 24 கிலோ, 60 செ.மீ. உயரம். அதைத் தரையில் வைத்து வாசித்த காலத்தில் புகார் இல்லாத கச்சேரியே கிடையாது. பாடகி, "அண்ணா, மைக் ஸ்டாண்டைத் தொட்டா கை அதிருது" என்பார். மைக்செட்காரர், "தம்பி, நீ குறைச்சாத்தான் நான் மத்ததை ஏத்த முடியும்" என்பார். கொடுமை என்னவென்றால், நான் வாசிப்பது எனக்கே சரியாகக் கேட்காது. முழங்காலுக்குக் கேட்கும், காதுக்குக் கேட்காது. அதனால் இன்னும் கொஞ்சம் ஏற்றுவேன். மேடை இன்னும் கொஞ்சம் முழங்கும்.

முதலில் சோடா கிரேட் இரண்டை அடுக்கி அதன்மேல் வைத்துப் பார்த்தேன். காதுக்கு உடனே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் பேஸ் பெட்டி தன் அதிர்விலேயே நடக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு ஊரில் நான்காவது பாட்டுக்குள் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வந்து, கீபோர்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் தொப்பென்று விழுந்தது. நல்லவேளை, ஆள்மேல் விழவில்லை. அப்புறம்தான் வெல்டிங் பட்டறையில் 45 செ.மீ. உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு செய்யச் சொன்னேன். அதோடு லாரியில் சரக்குக் கட்டும் பெல்ட் ஒன்று. இன்றுவரை அந்த பெல்ட் இல்லாமல் பெட்டியை மேலே ஏற்றுவதில்லை.

உயர்த்தினால் என்ன ஆகிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். பெட்டியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறேன், காது தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில். ஒலி நேராகவும் வருகிறது, தரையில் பட்டுத் தெறித்தும் வருகிறது. தெறித்து வரும் பாதை அரை அலைநீளம் அதிகமாக இருந்தால் அந்த அதிர்வெண்ணில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பெட்டி தரையில் இருக்கும்போது ஸ்பீக்கரின் மையம் 30 செ.மீ. உயரத்தில், அப்போது இந்தப் பள்ளம் சுமார் 460 ஹெர்ட்ஸில் விழுகிறது. 45 செ.மீ. தூக்கினால் அது சுமார் 190 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பேஸ் பெட்டியில் 'கொழகொழ' என்று மொத்தமாகக் கேட்பது பெரும்பாலும் 150 முதல் 250 வரைதான். அதாவது தேவையில்லாத இடத்தில் பள்ளம் விழுகிறது, சுரத்தின் தெளிவு இருக்கும் இடம் தப்பிக்கிறது. நான்காம் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வரும் ஈ சுரம், கிட்டாரிலேயே தாழ்ந்தது, 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். அரை மீட்டர் தூக்கியதை அது சட்டை செய்வதே இல்லை. "தூக்கினால் அடி ஒலி போய்விடும்" என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

இதைவிடப் பெரிய லாபம், ஸ்பீக்கர் காதுக்கு அருகில் வந்ததுதான். விரல் தந்தியைத் தொடும் ஓசை, மேல்ஸ்தாயி எல்லாம் நேராகப் பாயும் குணம் உள்ளவை. அவை முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தன, இப்போது எனக்கு வருகின்றன. நானாகவே வால்யூமைக் குறைத்துவிட்டேன். மேடை முழக்கத்தில் பாதி அதிலேயே போனது என்பேன்.

ஸ்டாண்டுக்கும் ஒரு குறை இருந்தது. உள்ளே வெற்றான சதுரக் குழாய், சில சுரங்களுக்கு அதுவே 'ணங்' என்று கூடப் பாடியது. குழாய்க்குள் உலர்ந்த மணலை நிரப்பி மூடியை வெல்டு செய்ததும் வாயை மூடிக்கொண்டது. எடை நாலு கிலோ கூடியது, வேனில் ஏற்றும் பையன் இன்னும் திட்டுகிறான்.

அடுத்தது, பெட்டியின் அதிர்வு மேடைக்கு இறங்காமல் தடுக்க நுரை. மூன்று முறை தவறு செய்த இடம் இது. முதல் முறை லாரி மட்கார்டு ரப்பரை வெட்டி ஸ்டாண்டுக் கால்களுக்கு அடியில் வைத்தேன். அவ்வளவு கெட்டியான ரப்பர் இந்த எடைக்கு அமுங்கவே இல்லை. அமுங்காத ரப்பர் அதிர்வை அப்படியே கீழே கடத்தும். இரண்டாம் முறை பழைய மெத்தை நுரை. அது முழுக்க நசுங்கி அட்டை மாதிரி ஆனது, அதுவும் பயனில்லை, கூடவே பெட்டி ஆடியது. மூன்றாவது, பெட்டிக்கு அடியில் முழுப் பரப்புக்கும் நுரை விரித்தது. சுமை பரவிப்போனதால் மறுபடி அமுங்கவில்லை. கடைசியில் சரிவந்தது, ஸ்டாண்டு நிற்க 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று, அதற்குக் கீழே கெட்டி நுரையில் நான்கு கட்டிகள். சுமை ஏறியதும் நுரை தன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை அமுங்க வேண்டும், அதுதான் என் கை அளவு. குறைந்தால் கட்டியைச் சிறிதாக வெட்டுவேன், கூடினால் பெரிதாக்குவேன். இதே வேலைக்குக் கடையில் கிடைக்கும் தயார் பலகைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. எனக்கு நுரையும் பலகையும் சேர்த்து 1,400 ரூபாயில் முடிந்தது, அவ்வளவுதான்.

நுரை வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு பேரைப் பெட்டியை ஒரு விரற்கடை மட்டும் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முழங்கும் சுரத்தை வாசியுங்கள். முழக்கம் குறைந்தால் நுரை உதவும். குறையவில்லை என்றால் பெட்டியிலிருந்து காற்று வழியாக வரும் ஒலியே பலகையை ஆட்டுகிறது, அதற்கு நுரை ஒன்றும் செய்யாது. கல்யாண மண்டபத்தின் சிமெண்ட் மேடையில் நான் நுரைப் பலகையை வெளியே எடுப்பதே இல்லை. அங்கே உயரம் மட்டும் போதும்.

திருவிழா மேடையில் இரண்டும் செய்த பிறகும் மிச்சம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஏதோ ஒரு சுரம். மூன்றாம் தந்தியில் மூன்றாவது ஃப்ரெட் (கழுத்தில் உள்ள கட்டை), நான்காம் தந்தியில் எட்டாவது ஃப்ரெட், இரண்டும் அதே சி சுரம், 65 ஹெர்ட்ஸ். இரண்டிலும் முழங்கினால் மேடையோ இடமோ காரணம். ஒன்றில் மட்டும் என்றால் கிட்டாரைப் பாருங்கள். மேடை என்றால் பாராமெட்ரிக்கில், அதாவது வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில், ஒரு பட்டையை ஏற்றி மெதுவாக நகர்த்துவேன். முழக்கம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் நிறுத்தி, அதே பட்டையை நாலைந்து டெசிபல் கீழே இறக்குவேன். பாடகர்களின் மைக்கில் தாழ்ந்த ஒலியை வெட்டும் லோ கட் போடச் சொல்வதையும் மறப்பதில்லை. அந்தப் பொத்தானை அமுக்காமலே பேஸைக் குறை சொல்லும் மைக்செட்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஏழு வருடத்தில் ஸ்டாண்டுக்கு ஒரு தடவை பெயிண்ட் அடித்ததோடு சரி. நுரைதான் உழைக்காது. இரண்டு வருடத்தில் அமுங்கிய இடம் எழும்பாமல் அப்படியே தங்கிவிடுகிறது. ஒரு செட்டை வேன் ஷெட்டில் எலி கடித்தது. இப்போது இருப்பது மூன்றாவது செட். புதிதாக வைத்த அன்று பலகைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பலகையின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன், ஆடிக்கு முன் ஒரு தடவை அளந்து பார்ப்பேன்.

டிராக்டர் டிரெய்லர்களைச் சேர்த்துக் கட்டிய மேடைகள் மட்டும் இன்னும் எனக்கு வசப்படவில்லை. அங்கே சி வந்தால் ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே போய் வாசித்துவிடுகிறேன்.